ஃபெல்டன் என்ன பதில் எழுதினார்?

பழைய கடிதங்களைத் தேடிப் பதிப்பிக்கும் பதிப்பாசிரியர்களுக்கு,

வணக்கம். 1842 ஜூலை 31 அன்று ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் தன் அமெரிக்க நண்பரிடம் ஒரு சந்தேகம் கேட்டார். சிப்பி கிடைக்காத மாதங்களில் சிப்பி உடைக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? மனமொடிந்து உயிரை விடுவார்களா, இறுகிப்போன அலமாரிகளைத் திறந்து கைப்பழக்கத்தைக் காப்பாற்றிக்கொள்வார்களா, அல்லது பல் வைத்தியத்துக்குப் போய்விடுவார்களா?

அந்த நண்பர் கார்னீலியஸ் ஃபெல்டன். 1832 முதல் ஹார்வர்டில் கிரேக்கப் பேராசிரியர். ஹோமரையும் அரிஸ்டோஃபனீஸையும் மாணவர்களுக்காகப் பதிப்பித்தவர். அமெரிக்கா வந்த டிக்கன்ஸோடு உட்கார்ந்து சிப்பி தின்றவரும் அவர்தான்.

சரி, சிப்பிக் கேள்விக்கு ஃபெல்டன் என்ன பதில் எழுதினார்? 1860 செப்டம்பரில் டிக்கன்ஸ் தனக்கு வந்த கடிதங்களைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து, வீட்டுக்குப் பின்னால் குவித்து எரித்தார். பிள்ளைகள் அந்தச் சாம்பலில் வெங்காயம் சுட்டுத் தின்றார்களாம். ஃபெல்டன் எழுதியவையும் அந்தச் சாம்பலில்தான் இருந்திருக்க வேண்டும். அதே ஆண்டில்தான் அவர் ஹார்வர்டின் தலைவரானார். 1862 பிப்ரவரியில் இறந்தும் போனார்.

டிக்கன்ஸ் எழுதிய கடிதங்கள் 12 பெரிய தொகுதிகளாக வந்துவிட்டன. அவற்றில் ஃபெல்டன் பெரும்பாலும் அடிக்குறிப்பில்தான் வருகிறார். அடிக்குறிப்புக்காரர் என்று அவரை ஒதுக்குவது எனக்கு உறுத்துகிறது. 1853-54இல் ஐரோப்பாவிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் 1865இல் அச்சாயின. அந்த ஒரு நூலோடு விட்டுவிடலாமா? கவிஞர் லாங்ஃபெலோவின் தாள்களுக்கிடையே ஃபெல்டனின் கையெழுத்து இருக்கிறது. அரசியல்வாதி சார்ல்ஸ் சம்னர் அவருக்கு நெடுநாள் நண்பர். 1850களில் அடிமைமுறை அரசியல் அந்த நட்பைக் கெடுத்தது. அந்தக் கசப்பை ஃபெல்டனின் வாயாலேயே கேட்க ஆசை, அவர் பக்கம் நியாயம் குறைவு என்று எனக்குத் தோன்றினாலும்கூட.

கேட்பது இவ்வளவுதான்: கிடைத்ததையெல்லாம் ஃபெல்டன் பெயரிலேயே தொகுத்துப் போடுங்கள். பணத்தட்டுப்பாடு, காய்ச்சல், மாணவர் தொல்லை என்று வரும் பத்திகளை 'முக்கியமில்லை' என்று வெட்டாதீர்கள். நானும் வாத்தியார், என் கடிதங்களில் அதுதான் பாதிக்கு மேல்.

அப்புறம், அந்தச் சிப்பிப் பதிலின் நகல் எங்காவது வேறொரு கடிதக் கட்டுக்குள் சிக்கினால், அதை முதல் பக்கத்தில் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு பள்ளி ஆசிரியர்