'கணக்கு வராது' என்று சொன்னாயே, அதைப் பற்றி

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ பேசியது இன்னும் காதிலேயே நிற்கிறது. ஒன்பதாம் வகுப்பு காலாண்டுத் தேர்வில் 34 பேரில் 11 பேர் முப்பத்தைந்தைத் தொடவில்லை, "இதுங்களுக்குக் கணக்கு வராதுக்கா, தலைகீழா நின்னாலும் வராது" என்று சொல்லி அழுதுவிட்டாய். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை, அந்த அழுகை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த 'வராது' பற்றிப் பேசாமல் என்னால் தூங்க முடியவில்லை.

'வராது' என்னும்போது நாளைக்கும் அடுத்த வருஷத்துக்கும் சேர்த்தே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். 'இன்னும் வரல' என்றால் வருவதற்கு வழி திறந்தே இருக்கிறது. இந்த வித்தியாசம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தராமலே தெரியும். எட்டு வரைக்கும் ஆல் பாஸில் வந்தவர்கள், ஒன்பதில்தான் ஃபெயில் என்ற சொல்லைத் தன் பேருக்கு நேராக முதல்முதலாகப் பார்க்கிறார்கள், அதுவும் பக்கத்து பெஞ்சில் இருப்பவன் என்ன நினைப்பான் என்பதே பெரிய கவலையாக இருக்கிற பதினாலு வயதில்.

நானும் பல வருஷம் மார்க் வரிசையில்தான் பேப்பர் கொடுத்தேன். சென்டம் எடுத்தவளுக்குக் கைதட்டல், கடைசியில் வருபவனுக்கு அமைதி. ஒரு தடவை கடைசிப் பேப்பரை வாங்கிய பையன், மார்க் போட்டிருந்த மூலையை முக்கோணமாக மடித்தான், நகத்தால் அழுத்தி நீவினான், இன்னொரு மடிப்பும் மடித்துப் பைக்குள் செருகிவிட்டான். உள்ளே எதில் தப்பு என்று பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் அந்தத் தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். காரணிப்படுத்தும் கணக்கு. பெருக்கினால் 6, கூட்டினால் மைனஸ் 5 வரவேண்டிய இரண்டு எண்களுக்கு 2, 3 என்று எழுதியிருந்தான். எண்கள் சரி, மைனஸ் குறி மட்டும் விட்டுப்போயிருக்கிறது. முக்கால்வாசி தூரம் வந்த பையனுக்கு நான் பக்கம் முழுக்கச் சிவப்பு மையில் ஒரே கோடாக அடித்து வைத்திருந்தேன். அந்தத் தாள் இன்றைக்கும் என்னிடம்தான் இருக்கிறது.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் புதிர்களைப் போட்டு முடித்ததும் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றார்கள், சிலரிடம் "நல்லா உழைச்சிருக்கே" என்றார்கள். அடுத்து கஷ்டமான புதிர்களைக் கொடுத்துத் தடுமாற வைத்துவிட்டு, மறுபடி சுலபமானதைக் கொடுத்தபோது, புத்திசாலி என்று பாராட்டு வாங்கியவர்கள் முதலில் செய்த அளவுக்குக்கூடச் செய்யவில்லை. உழைப்புக்குப் பாராட்டு வாங்கியவர்களோ முன்னைவிட நன்றாகச் செய்தார்கள். நம் வகுப்பு டாப்பர்கள் ஒரு டெஸ்டில் மார்க் குறைந்தால் ஏன் அப்படி நொறுங்கிப்போகிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அதற்காக "முயற்சி பண்ணு, முயற்சி பண்ணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் போதாது, தங்கச்சி. ஏழாம் வாய்ப்பாடு தெரியாத பிள்ளையிடம் வெறும் முயற்சியைக் கேட்பது கொடுமை. அவனுக்கு வாய்ப்பாடு வேண்டும், வழிமுறை வேண்டும், பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும். பசியும் ஒரு காரணம். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. உன் ஒன்பதாம் வகுப்பில் முதல் பீரியடில் தலை சாய்ந்திருப்பவன் சாப்பிட்டு வந்தானா என்று ஒருநாள் தனியாகக் கூப்பிட்டுக் கேள். 2019இல் அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சுமார் 12,000 பேரிடம் செய்த ஆய்வில், மூளை வளரக்கூடியது என்று ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகச் சொல்லிக்கொடுத்ததில் மார்க் குறைந்தவர்கள் கொஞ்சம் முன்னேறினார்கள். கொஞ்சம்தான். அதுவும், கஷ்டமானதைச் செய்து பார்ப்பதைக் கூடப் படிக்கிறவர்கள் மதிக்கிற பள்ளிகளில்தான் நன்றாகத் தெரிந்தது. வகுப்பின் காற்று மாறாமல் ஒரு பிள்ளையின் மனசை மட்டும் மாற்ற முடியாது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

நான் இப்போது செய்வது இவ்வளவுதான். பேப்பரில் மார்க் போடாமல் கொடுக்கிறேன், மார்க் என் நோட்டில் இருக்கும். தப்பான இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. எங்கே வழுக்கினோம் என்று அவர்களே கண்டுபிடித்து ஓரத்தில் ஒரு வரி எழுத வேண்டும், அதற்கு ஒரு பீரியடே ஒதுக்கிவிடுகிறேன். எழுதிய பிறகுதான் மார்க்கைச் சொல்வேன், தனித்தனியாக. போர்ஷன் முடியாது என்று பயந்தேன், ஆனால் முடிந்தது. போன மாதம் ஒரு பொண்ணு ஓரத்தில் "அவசரத்தில் மைனஸை மறந்துட்டேன் மிஸ், கணக்கு தெரியும்" என்று எழுதியிருந்தாள். 'கணக்கு தெரியும்' என்று அவள் கையாலேயே எழுதியதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது.

"மெல்லக் கற்போர்" என்று தனி பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறாய் என்றாயே, அதை மட்டும் லீவு முடிந்து பள்ளி திறந்த முதல் நாளே கலைத்துவிடு. அந்தப் பதினோரு பேரின் விடைத்தாள்களையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. மார்க் போட்ட மூலையை மறைத்து எடு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் சும்மாதான் இருப்பேன், யாருக்கு எந்தத் தப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்று போனிலேயே உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அக்கா