அதே மார்லிதானே சார்?

அனுப்புநர்:
ஒலி அமைப்புக் கடைக்காரர்,
திண்டுக்கல்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: மகன் ரெக்கார்டு கேட்டதற்கு அப்பா ரெக்கார்டு வந்தது தொடர்பாக, நான்காவது முறையாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். சென்ற மாதம் 3ஆம் தேதி உங்கள் தளத்தில் டேமியன் மார்லியின் 'வெல்கம் டு ஜாம்ராக்' எல்பி ரெக்கார்டுக்கு ஆர்டர் போட்டு, 4,350 ரூபாயை அன்றைக்கே கட்டிவிட்டேன். ஆர்டர் எண் மின்னஞ்சலின் தலைப்பில் இருக்கிறது. பதினொரு நாள் கழித்து பார்சல் வந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே அவருடைய அப்பா, ரெகே என்ற ஜமைக்கா இசையின் பாடகர் பாப் மார்லியின் 'லெஜண்ட்'. அட்டையின் ஒரு மூலை நசுங்கியும் இருந்தது. சரி, அதை விடுங்கள், மூலைக்காக நான் எழுதவில்லை.

போன் செய்தேன். எடுத்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "அதே மார்லிதானே சார்? பார்க்கப்போனா அப்பாதான் ஃபேமஸ், உங்களுக்கு லாபம்தான்" என்றார். படம் எடுத்து அனுப்பினேன். 'அதே கலைஞரின் பெயரிலுள்ள பொருள் வழங்கப்பட்டுவிட்டதால் புகார் முடித்துவைக்கப்படுகிறது' என்று பதில் வந்தது. மறுபடி எழுதியதற்கு 200 ரூபாய் கூப்பன் வந்தது. கூப்பனுக்குக்கூட எனக்குக் கோபம் வரவில்லை. அந்த 'அதே மார்லி'தான் இரண்டு வாரமாகக் காதில் கிடந்து குடைகிறது.

அதே மார்லி இல்லை. எப்படி என்று கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

டேமியன் பிறந்தது 1978 ஜூலை 21. பாப் மார்லி மயாமியில் இறந்தது 1981 மே 11. பையனுக்கு அப்போது மூன்று வயதுகூட நிறையவில்லை. அப்பா மடியில் உட்கார்ந்து பாட்டுக் கற்றுக்கொண்டான் என்று கதை கட்ட வழியே கிடையாது. அப்பாவின் பட்டப்பெயர் டஃப் காங். இவருக்கு ஜூனியர் காங் என்று பெயர் விழுந்தது. பெயர் வந்தது, ஆள் இல்லை.

அம்மா சிண்டி பிரேக்ஸ்பியர், 1976இன் உலக அழகி. ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனின் வசதியான பக்கத்து மனுஷி. அப்பா வளர்ந்ததோ டிரெஞ்ச்டவுன் சேரியில். அந்த ஊரில் மேட்டுப் பக்கத்துக்கும் பள்ளத்துப் பக்கத்துக்கும் நடுவே 'ஹாஃப் வே ட்ரீ' என்று ஓர் இடம், மணிக்கூண்டு நிற்கும் சந்திப்பு. 2001இல் வந்த தன் ரெக்கார்டுக்கு டேமியன் அந்தப் பெயரைத்தான் வைத்தார். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்கிறவன் நான் என்று ஊர்ப்பெயரை வைத்தே சொல்லிவிட்டார். அதற்கு 2002இல் சிறந்த ரெகே ஆல்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. இது அப்பா வாங்கிக் கொடுத்தது இல்லை.

குடும்பம் பெரிதுதான், மறுக்கவில்லை. மூத்தவர்களான ஷாரன், செடெல்லா, ஜிகி, ஸ்டீஃபன் நால்வரும் சின்ன வயதிலேயே மெலடி மேக்கர்ஸ் என்று குழு சேர்ந்தவர்கள். 1979இல் முதல் பாட்டு. டேமியனும் பதின்மூன்று வயதில் ஷெப்பர்ட்ஸ் என்று ஒரு குழுவில் இருந்தார். அதில் பாடகர் ஃப்ரெடி மெக்ரெகரின் மகளும் தேர்ட் வேர்ல்ட் குழுவின் கிதார்காரர் கேட் கூரின் மகனும் இருந்தார்கள். எல்லாமே இசை வீட்டுப் பிள்ளைகள். ஆனால் டேமியனைத் தூக்கிவிட்டது ஸ்டீஃபன் என்றுதான் நான் சொல்வேன். ஆறு வயது மூத்த அண்ணன், வேறு தாய் வயிற்றுப் பிள்ளை. அவர்தான் 'ஹாஃப்வே ட்ரீ', 'ஜாம்ராக்' இரண்டையும் தயாரித்தவர். ஒரு தாய் பிள்ளைகளே பாகம் பிரித்துக்கொண்டு பேசாமல் இருக்கும் காலம்.

இப்போது தொழில் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இது என் தொழிலும்தான். நான் மைக்செட் கடை வைத்திருக்கிறேன். எனக்கு முன்னால் என் அப்பா. குழாய் ரேடியோ கட்டி, ரெக்கார்டு போட்டு, விடிய நாலு மணிக்கு ஊரை எழுப்பியவர். ஜமைக்காவிலும் 1950களிலிருந்து இதே பிழைப்புதான்: பெட்டி பெட்டியாக ஸ்பீக்கரை அடுக்கித் தெருவில் பாட்டுப் போடும் சவுண்ட் சிஸ்டம்காரர்கள். அங்கே ரெக்கார்டு போடுகிறவருக்குப் பெயர் செலக்டர். மைக்கைப் பிடித்துத் தாளத்துக்கு மேலே ஏற்றி இறக்கிப் பேசிக்கொண்டே போகிறவர்தான் டீஜே. அடித்தாளத்துக்கு 'ரிடிம்' என்று பெயர். ஒரே ரிடிமின்மேல் ஆளுக்கு ஒரு பாட்டாகப் பத்துப் பேர் போடுவார்கள், யாரும் சண்டைக்கு வருவதில்லை. பாப் மார்லி பாடகர். டேமியன் டீஜே. நாதஸ்வரம் கேட்டவனுக்குத் தவில் அனுப்பினால் இரண்டும் ஒரே மேடைதானே என்பீர்களா?

அந்த 'ஜாம்ராக்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ரிடிம் 1984இல் ஐனி கமோசி பாடிய பாட்டிலிருந்து வந்தது; டிரம்ஸ்காரர் ஸ்லை டன்பாரும் பேஸ் கிதார்காரர் ராபி ஷேக்ஸ்பியரும் உருவாக்கியது. இருபது வருடம் பழைய அந்த ரிடிமின்மேல் ஏறி நின்று, சுற்றுலாப் பயணிக்குக் காட்டும் கடற்கரையை விட்டுவிட்டு, துப்பாக்கியும் வறுமையும் அரசியல் அடிதடியுமாக இருக்கும் தெருவைச் சொல்கிறார். புது பேஸ் பாக்ஸ் வந்தால் மண்டபத்தில் நான் முதலில் போட்டுப் பார்ப்பது இதைத்தான். பெட்டி நல்லதா, வெறும் பலகையா என்று இருபது நொடியில் தெரிந்துவிடும். 'லெஜண்ட்' அதற்கு ஆகாது. அது 1984இல், பாப் இறந்து மூன்று வருடம் கழித்து வந்த தொகுப்பு. அருமையான பாட்டுகள்தான், வேறு வேலைக்கு.

2005இல் வந்த 'ஜாம்ராக்' ரெக்கார்டு 2006இல் ஒரே இரவில் இரண்டு கிராமி வாங்கியது. ஒன்று ரெகே பிரிவில், இன்னொன்று அதற்கு வெளியே. அப்புறம் 2010இல் அமெரிக்க ராப் பாடகர் நாஸுடன் சேர்ந்து ஒரு ரெக்கார்டு, 2017இல் 'ஸ்டோனி ஹில்', அதற்கும் கிராமி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்பாவும் 'ஜாம்ராக்' ரெக்கார்டுக்குள் இருக்கிறார். அதிலுள்ள 'மூவ்' பாட்டில் பாபின் 'எக்ஸோடஸ்' வருகிறது. இன்னொரு பாட்டு, 1980இல் அப்பா பாடியதை அண்ணன் தம்பி சேர்ந்து திருப்பிச் செய்தது. ஆக, கேட்டதை நீங்கள் ஒழுங்காக அனுப்பியிருந்தால் எனக்கு இரண்டு மார்லியும் கிடைத்திருப்பார்கள், அப்பாவை எங்கே உட்கார வைக்க வேண்டும் என்று மகன் முடிவுசெய்த இடத்தில்.

எனக்கு டேமியனைக் காட்டியதே நம் ரஹ்மான்தான். 2011இல் மிக் ஜாகர், டேவ் ஸ்டுவர்ட், ஜாஸ் ஸ்டோன், ரஹ்மான், டேமியன் ஐவரும் சேர்ந்து சூப்பர்ஹெவி என்று ஒரு ரெக்கார்டு போட்டார்கள். ரஹ்மானுக்காக வாங்கினேன்; நடுவில் வந்த அந்தக் கரகரத்த குரலில் மாட்டிக்கொண்டேன். ரஹ்மானின் அப்பா ஆர்.கே. சேகரும் இசைக்காரர், மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர். மகனுக்கு ஒன்பது வயதிலேயே போய்விட்டார். நாளைக்கு ஒருவர் ரஹ்மான் ரெக்கார்டு கேட்டால் சேகர் ரெக்கார்டை அனுப்பிவிட்டு 'அதே குடும்பம்தானே' என்று சொல்லிப் பாருங்கள். (உங்களிடம் சேகர் ரெக்கார்டு நிஜமாகவே இருந்தால் சொல்லுங்கள். அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.)

என் கடைக்கு என் பெயரில் போர்டு வைத்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. இன்னமும் கோயில் கமிட்டிக்காரர்கள் போனை எடுத்ததும் "ரேடியோ செட்டுக்காரர் மகனா?" என்றுதான் கேட்கிறார்கள். அப்பாமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த ரெக்கார்டைப் போடுவதற்கென்று அவருடைய பழைய பிளேயரைத்தான் ஊசி மாற்றி, ரப்பர் மாற்றித் தயார் செய்து வைத்திருக்கிறேன். உங்கள் தம்பி சொன்னது ஏன் சுட்டது என்று இப்போது புரிந்திருக்கும்.

தவறு எங்கே நடந்தது என்றும் பார்த்துவிட்டேன். உங்கள் தளத்தில் ஜிகி, ஸ்டீஃபன், ஜூலியன், கை-மானி, டேமியன் என்று மார்லி பிள்ளைகள் எல்லாரையும் 'பாப் மார்லி' என்ற ஒரே தலைப்பின்கீழ் கொட்டி வைத்திருக்கிறீர்கள். கிடங்கில் எடுத்தவர் அந்தத் தலைப்பைப் பார்த்துக் கைக்கு வந்ததை வைத்துவிட்டார். அதைப் பிரித்துப் போடுங்கள், அடுத்தவனாவது தப்பிப்பான்.

எனக்கு நான் கேட்ட ரெக்கார்டு வேண்டும். கையிருப்பில் இல்லையென்றால் 4,350 ரூபாயும் என் வங்கிக் கணக்கிற்கே திரும்ப வர வேண்டும், கூப்பன் வேண்டாம். திருப்பி எடுக்கும் செலவு உங்களுடையது. பதினைந்து நாளுக்குள் பதில் இல்லையென்றால் பில், படங்கள், உங்கள் மூன்று பதில்களோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுப் போடுவேன்.

'லெஜண்ட்' ரெக்கார்டைப் பிளேயரில் வைக்கவில்லை, பத்திரமாக இருக்கிறது. ஆள் அனுப்புவதானால் காலை பத்துக்கு மேல், மதியம் ஒன்றுக்குள் அனுப்புங்கள். திருவிழா சீசன், அதற்கப்புறம் நான் ஏதாவது ஒரு கோயில் வாசலில் ஒயர் இழுத்துக்கொண்டிருப்பேன், போன் அடித்தாலும் கேட்காது.

இப்படிக்கு,
கடைக்காரர்