அடுப்படி ஃபேன் ஆஃப்லைன் ஆன கதை

அன்புள்ள கண்ணு,

அடுப்படி எக்ஸாஸ்ட் ஃபேன் உன் போனில் 'ஆஃப்லைன்' என்றே காட்டுவதாக மூன்று முறை கேட்டுவிட்டாய். மூன்று முறையும் வைஃபை கோளாறு என்றேன். அது பொய். வைஃபைக்கு ஒரு குறையும் இல்லை. சுவிட்ச் போர்டுக்குள் நீ வைத்துவிட்டுப் போன, போனிலிருந்தே ஃபேனைப் போடவும் அணைக்கவும் உதவும் அந்தத் தீப்பெட்டி அளவுக் கருவியை நான்தான் கழற்றினேன். காரணத்தைப் போனில் சொல்லலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். "அவள் அங்கே தனியாக இருக்கிறாள், சொல்லிப் பயமுறுத்தாதீர்கள்" என்று சத்தியம் வாங்காத குறைதான். வாட்ஸ்அப்பில் எழுதினால் என் போனை எடுத்துப் படித்துவிடுவாள். அதனால்தான் இந்த மெயில்.

மார்கழி பிறந்த மூன்றாம் நாள். விடியற்காலை ஐந்தேகால் மணிக்கு அம்மா பாலைச் சின்ன பர்னரில் சிம்மில் வைத்துவிட்டு வாசலுக்குக் கோலம் போடப் போனாள். மற்ற மாதங்களில் ஐந்து நிமிட வேலை. மார்கழியில் எதிர்வீட்டுக்காரர்களோடு ஒரு போட்டி உண்டு என்பது உனக்குத் தெரியும். அன்று பதினைந்து புள்ளிக் கோலம். உள்ளே பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்தது. திரும்பி வந்தவள் நாற்றம் தெரிந்ததும் உள்ளே நுழையாமல் என்னைக் கூப்பிட்டாள். நான் எழுந்து அடுப்படி நிலையைத் தொட்டபோது சரியாக ஐந்து நாற்பத்தைந்து. கடிகாரம் பார்க்கவில்லை. போர்டுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது, ஃபேன் தானாகச் சுழல ஆரம்பித்தது. அம்மா காபி போடும் நேரம் என்று நீ போனில் குறித்து வைத்த நேரம் அது. இங்கிலாந்தில், நீ இருக்கும் லீட்ஸில் அப்போது நள்ளிரவு தாண்டிக் கால் மணி. நீ தூங்கியிருப்பாய்.

ஒன்றும் ஆகவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்க் குமிழை மூடினேன், சிலிண்டர் ரெகுலேட்டரைத் திருப்பினேன், பின்கதவையும் ஜன்னலையும் திறந்தேன். ஒரு சுவிட்சையும் தொடவில்லை. ஓடிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தவும் இல்லை. சுவிட்சைப் போடும்போது வரும் பொறியைவிட, ஓடுகிற மோட்டாரை அணைக்கும்போது வரும் பொறி பெரிது. சுருளில் ஓடிய மின்சாரம் சட்டென்று நிற்க மறுக்கும். பிறகு இரண்டு பேரும் வாசலில் போய் நின்றோம். நின்ற இடம் அந்தப் பதினைந்து புள்ளிக் கோலத்தின் நடுவே. அம்மாவுக்கு அன்று முழுக்க அந்த வருத்தம்தான் பெரிதாக இருந்தது.

கோவை கணபதியில் முப்பத்தொரு வருடம் மோட்டாருக்குக் காயில் கட்டியவன் நான். நீ கருவியை மாட்டியபோது பக்கத்தில் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்துக்கொண்டு நின்றவனும் நானே. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் மோட்டாரில் கார்பன் பிரஷ் கிடையாது, அது ஓடுவதால் பொறி வராது. ஆபத்து சுவிட்சில் இருக்கிறது. உன் கருவிக்குள் இருப்பதும் ஒரு குட்டி சுவிட்ச்தான், ரிலே என்பது அதுவே. நீ லீட்ஸில் விரலால் தொட்டால் இங்கே இரண்டு உலோக முனைகள் ஒன்றை ஒன்று தொடுகின்றன. பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கிறதே என்பாய். அதற்குள் கேஸ் நுழையாது என்று அதைச் செய்தவர்கள் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. சமையல் கேஸ் காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். அது காற்றைவிடக் கனமானது, ஒன்றரை மடங்குக்கு மேல். அதனால் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். நம் ஃபேனோ ஏழடி உயரத்தில் இருக்கிறது. கேஸை வெளியேற்ற அது உதவியிருக்கும் என்று நினைக்காதே.

அங்கே உன் அடுப்பைப் பற்றிச் சொன்னாய், நினைவிருக்கிறதா? பற்றவைத்த பிறகு குமிழைச் சில நொடி அழுத்திப் பிடிக்காவிட்டால் தீ நிற்பதில்லை, எரிச்சலாக இருக்கிறது என்று. அந்த எரிச்சலுக்குப் பெயர் தெர்மோகப்பிள். தீயின் சூட்டில் அதில் பிறக்கும் கொஞ்சம் மின்சாரம் வால்வைத் திறந்து பிடித்திருக்கிறது. தீ அணைந்தால் அது ஆறிப்போகும், வால்வு தானாக மூடிக்கொள்ளும். வைஃபையும் வேண்டாம், போனும் வேண்டாம். நம் வீட்டு அடுப்பில் அது இல்லை. நான்கு வருடம் அந்த அடுப்பில் சமைத்துப் பழகிய உனக்கு இந்தப் பயம் மறந்துபோனதில் வியப்பில்லை. அந்த வசதியுள்ள அடுப்பு இங்கும் கிடைக்கிறது, விசாரித்துவிட்டேன். பொங்கலுக்கு முன் வாங்குகிறேன். ஆரஞ்சு டியூபுக்கும் ஐந்து வருடம் முடியப்போகிறது, அதையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

உன் கருவி முழுக்க வீண் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அடுப்படிக்கு அது ஒத்துவரவில்லை. ஈரப்பதம் ஏறினால் ஃபேன் ஓட வேண்டும் என்று ஒரு சென்சார் ஒட்டினாய் அல்லவா? இட்லி வேகும்போது ஃபேன் ஆர்ப்பாட்டமாக ஓடுகிறது. இட்லி ஆவியால் யாருக்கு என்ன கெடுதல்? மிளகாய் வறுக்கும்போது அது சும்மா இருக்கிறது. மிளகாய் நெடியில் ஈரம் கிடையாதே! அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு, "உன் மகளுக்குத் தகவல் கொடு, ஃபேனைப் போடட்டும்" என்பாள். ஒரு ராத்திரி மின்சாரம் போய்த் திரும்பி வந்தபோது, ஃபேன் தானாக எழுந்து விடியும்வரை ஓடியது. அணைக்க மறந்தோமோ என்று நாங்கள் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டோம்.

இன்னொன்றும் பார்த்தேன். கழற்றிய கையோடு ஃபேன் இறக்கைகளைத் துடைத்தேன். எண்ணெய்ப் பிசுக்கு ஒரு விரல்கனம் இருந்தது. சலவை சோடாவும் சுடுதண்ணீரும் போட்டுத்தான் போயிற்று. இத்தனை நாளும் உன் போனில் 'ஓடுகிறது' என்றுதான் காட்டியிருக்கும். ஓடியது உண்மைதான், காற்றைத்தான் தள்ளவில்லை. அதோடு, பூனை வருகிறது என்று அம்மா ஜன்னலை இறுக்கி மூடிவிடுகிறாள். உள்ளே வர வழியில்லாத காற்று எப்படி வெளியே போகும்? ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி அறை முழுக்க நடந்து பார்த்தேன். (கேஸ் இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான், பயப்படாதே.) ஜன்னல் மூடியிருந்தபோது, பின்கட்டுச் சாக்கடைக் குழாய்ப் பக்கம் பத்தியைப் பிடித்தால் புகை அங்கிருந்து உள்ளே தள்ளப்பட்டது. அதாவது ஃபேன் அங்கிருந்துதான் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. இப்போது ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்து நாலு விரற்கடை திறந்து வைத்திருக்கிறேன். பூனைக்குத்தான் கோபம்.

இதே சோதனையை நீயும் செய்ய வேண்டும். அலமாரிக்குப் பின்னால் கருப்பாகப் பூஞ்சை படர்ந்த படத்தை அனுப்பினாய், குளியலறைக்கும் போனில் இயங்கும் ஃபேன் மாட்டியும் குறையவில்லை என்றாய். நீ அனுப்பிய இங்கிலாந்துக் கட்டட விதிப் பக்கங்களைப் படித்தேன். குளியலறை ஃபேன் நொடிக்கு 15 லிட்டர் காற்றை வெளியேற்ற வேண்டும் என்று இருக்கிறது. உன் குளியலறை எட்டு கன மீட்டர் இருந்தால், காற்று ஒரு முறை முழுக்க மாறவே ஒன்பது நிமிடம் ஆகும். நீ குளித்த பிறகு ஐந்து நிமிடத்தில் நிற்கும்படி போனில் வைத்திருக்கிறாய். சுவரும் துண்டும் வாங்கி வைத்த ஈரம் மெதுவாகத்தான் வெளியே வரும். அரை மணி நேரமாவது ஓடட்டும், அல்லது ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை ஓடும்படி வை. சென்சார் அங்கேதான் உருப்படியான வேலை செய்யும். அந்தப் பக்கங்களிலேயே கதவுக்கு அடியில் 10 மில்லிமீட்டர் சந்து வேண்டும் என்றும் இருக்கிறது. நீயோ குளிருக்கு அஞ்சி அந்தச் சந்தில் துணியைத் திணித்து வைத்திருக்கிறாய், வீடியோவில் பார்த்தேன். எடுத்துவிடு. ஃபேனின் முன்பக்கச் சல்லடையில் ஒரு டிஷ்யூ தாளை வைத்துப் பார். ஒட்டிக்கொண்டு நின்றால் காற்று போகிறது என்று பொருள். கீழே விழுந்தால் வீட்டுச் சொந்தக்காரரிடம் குழாயைப் பார்க்கச் சொல். மின்சாரச் செலவு என்று சாக்குச் சொல்லாதே. 15 வாட் ஃபேன் நாள் முழுக்க ஓடினாலும் அரை யூனிட் ஆகாது. உள்ளிருக்கும் சூடு போய்விடும் என்பது நியாயமான குறைதான், அதை மறுக்க மாட்டேன். துணியை மட்டும் படுக்கை அறையில் காயப்போடாதே.

இனி அம்மா சமாசாரம். கருவியைக் கழற்றியதில் எனக்கு இருந்த நிம்மதி அவளுக்கு இல்லை. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் மாலை, கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் அடிக்கடி அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். என்ன என்றேன். "மணி ஆறே முக்கால் ஆகிவிட்டது" என்றாள். அப்போதும் எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள்: தினமும் அந்த நேரத்துக்கு, அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதும் ஃபேன் ஒரு நிமிடம் ஓடி நிற்குமாம். லீட்ஸில் உனக்குச் சாப்பாட்டு இடைவேளை. "சாப்பிட உட்கார்ந்துவிட்டாள்" என்று அவள் நினைத்துக்கொள்வாளாம். இதை நீங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டீர்களா, இல்லை நீயாகச் செய்து அவளாகக் கண்டுகொண்டாளா என்று நான் கேட்கவில்லை. நாலு மாதமாக நானும் இதே வீட்டில்தான் இருக்கிறேன், ஃபேன் ஓடியதைக் கவனித்ததே இல்லை.

ஆகவே நேற்று ஒரு வேலை செய்தேன். கருவியைப் பின்கட்டுக் குளியலறைக்கு மாற்றிவிட்டேன். அங்கே இருப்பது மின்சார கீசர், கேஸ் இல்லை. ஈரம் தாராளமாக இருக்கிறது. அந்த போர்டில் நியூட்ரல் கம்பி, அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி, இல்லை. பழைய வீடுகளில் சுவிட்சுக்கு ஃபேஸ் மட்டும் இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். கீசர் பாயிண்டிலிருந்து ஒரு கம்பி இழுத்துக் கொடுத்தேன். கருவி எழுந்து நீல விளக்கைச் சிமிட்டுகிறது. ஆனால் வைஃபையில் சேர மறுக்கிறது. வைஃபை பட்டியலில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு உள்ள பெயரில் போனை இணைத்துவிட்டுச் செய்ய வேண்டும் என்று போன முறை நீ சொன்னதாக ஞாபகம். ஞாயிறு காலை, உன் நேரம் பத்து மணிக்கு, வீடியோவில் வா. சேர்த்துவிடலாம். அடுப்படி ஃபேன் பழையபடி சுவரில் இருக்கும் சுவிட்சுக்கு மட்டும் கட்டுப்பட்டது. அதைத் திரும்பக் கேட்காதே.

சேர்ந்த பிறகு திங்கட்கிழமை முதல் உன் ஆறே முக்காலுக்குப் போடு. சத்தம் கூடத்துக்குக் கேட்குமா என்று அம்மா இன்று இரண்டு முறை என்னைச் சுவிட்சைப் போடச் சொல்லி, முறத்தோடு கூடத்தில் உட்கார்ந்து பார்த்தாள். குளியலறைக் கதவு திறந்திருந்தால் கேட்கிறதாம்.

அப்பா