சிறு பட்டறைத் தொழிலாளிக்கும் ஈ.எஸ்.ஐ. வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

2019 ஆகஸ்டில் நாட்டின் பயணிகள் வாகன விற்பனை முந்தைய ஆண்டைவிட 30 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. பெரிய ஆலைகள் மாதத்தில் சில நாட்களை வேலையில்லா நாட்களாக அறிவித்தன. முதலில் வெளியேறியவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அடுத்து உதிரிபாகக் கம்பெனிகள் ஆர்டரைக் குறைத்தன. அப்புறம் அடி விழுந்தது சென்னையில் அம்பத்தூர், பாடிப் பக்கத்து ஜாப் ஒர்க் பட்டறைகளுக்கு, அதாவது கூலிக்குப் பாகங்கள் செய்து கொடுக்கும் பட்டறைகளுக்கு. நான்கு பேர் வேலை பார்த்த என் பட்டறையில் இரண்டு மாதம் ஒரே ஒரு லேத் (கடைசல் இயந்திரம்)தான் ஓடியது. இரண்டு பையன்களைக் கையில் கொஞ்சம் பணம் கொடுத்து ஊருக்கு அனுப்பினேன். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர்கள் சாப்பிட்ட மெஸ்ஸில் கூட்டம் குறைந்தது, தங்கியிருந்த அறைக்கு மறுபடி ஆள் வரவில்லை.

செப்டம்பரில் மத்திய அரசு நிறுவன வரியை 30-லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தது. என் பட்டறை தனிநபர் தொழில், அந்தச் சலுகை எனக்குக் கிடையாது. வேலையிழந்தவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் உதவித்தொகை உண்டு. ஆனால் 10 பேருக்குக் குறைவான பட்டறைகளுக்கு ஈ.எஸ்.ஐ. கட்டாயமில்லை. அதனால் என் பையன்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அடுத்த மந்தம் வருவதற்குள் சிறு பட்டறைத் தொழிலாளர்களையும் அரசு அதில் சேர்க்க வேண்டும். எங்கள் பங்குத் தொகையைக் கட்ட நாங்கள் தயார்.

- லேத் பட்டறை உரிமையாளர், அம்பத்தூர்