மீனுக்கு ஓவன் சமையலும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் சமையல் பகுதியில் மீன் என்றாலே குழம்பும் வறுவலும் மட்டுமே இடம்பெறுவதால், அடுப்பருகே நெடுநேரம் நிற்க இயலாத முதியோருக்கும் வேலைக்குச் செல்வோருக்கும் ஏற்ற ஓவன் சமையலையும் வெளியிட வேண்டுகிறேன். பவானிசாகர், மேட்டூர் அணைகளில் பிடிபடும் ஜிலேபி மீனும், கடலோரத்திலிருந்து கோவைக்கு வரும் கொடுவாவும் இதற்கு மிகவும் ஏற்றவை. ஆனால், கொழுப்புக் குறைந்த வெண்சதை மீன் சூட்டில் அதிக நேரம் இருந்தால் உலர்ந்துவிடும். பலரும் இதைக் கவனிப்பதில்லை.

உருளைக்கிழங்கும் கேரட்டும் வேக மீனைவிடக் கூடுதல் நேரம் பிடிக்குமாகையால், அவற்றை மெல்லிய துண்டுகளாக்கிச் சின்ன வெங்காயத்துடன் நல்லெண்ணெயில் புரட்டி, 200 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் வேகவிட்ட பின்னரே, ஈரோட்டு மஞ்சள், மிளகு, சீரகம், மல்லித்தூள், பூண்டு, உப்பு ஆகியவற்றைத் தடவிய முள்ளில்லாத மீன் துண்டுகளை மேலே அடுக்க வேண்டும். துண்டின் பருமனுக்கேற்ப அவை 12 முதல் 15 நிமிடங்களில் வெந்துவிடும். உட்சதை வெளுத்து, கரண்டி பட்டதும் இதழிதழாகப் பிரிவதே பதம். எலுமிச்சைச் சாற்றை இறக்கிய பின் பிழிவதே நன்று, ஏனெனில் நெடுநேரம் புளிப்பில் ஊறிய மீன் இறுகிவிடும்.

ஓவன் இல்லாத வீடுகளுக்கு, கனமான வாணலியை மூடிச் சிறுதீயில் சமைக்கும் முறையையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி, கோபிசெட்டிபாளையம்.