முந்நூறு பேரோடு நின்ற எழுநூறு பேர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் தெர்மோபிலே போர் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நடை அருமை, ஆனால் கடைசி நாளில் ஸ்பார்ட்டா ராஜா லியோனிடாஸும் அவருடைய 300 வீரர்களும் தன்னந்தனியாக நின்றார்கள் என்று எழுதியிருப்பதைத்தான் சும்மா விட மனம் வரவில்லை. கூடவே தெஸ்பியா என்ற சின்ன ஊர்க்காரர்கள் 700 பேர் நின்றார்களே, அவர்கள் எங்கே போனார்கள்?

கி.மு. 480இல் பாரசீக மன்னர் செர்க்சஸின் படையை மறிக்க அங்கே கூடிய கிரேக்கர்கள் ஏறக்குறைய 7,000 பேர். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவே குறுகலான வழி. அங்கிருந்த பழைய சுவரைச் சரிசெய்து இரண்டு நாள் தாக்குப்பிடித்தார்கள். அப்புறம் எஃபியால்டிஸ் என்ற அந்தப் பகுதிக்காரன் மலைப்பாதையைக் காட்டிக்கொடுக்க, பின்பக்கமும் அடைபடப் போகிறது என்று தெரிந்ததும் பெரும்பாலானவர்களை லியோனிடாஸ் அனுப்பிவிட்டார். தெஸ்பியாக்காரர்கள் போக மாட்டோம் என்றுவிட்டார்கள். ஸ்பார்ட்டாவில் சின்ன வயதிலிருந்தே சண்டைக்கென்று வளர்க்கிறார்கள், ராஜாவும் கூடவே நிற்கிறார், சரி. இவர்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது, திரும்பிப் போனால் நிலத்தையும் பிள்ளைகுட்டிகளையும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம், கிளம்பலாம் என்ற உத்தரவும் கிடைத்தாயிற்று. அப்படியும் தங்கள் தலைவர் டெமோஃபிலஸோடு நின்றார்கள். ஈட்டி முறிந்த பிறகு வாளாலும், அதுவும் போன பிறகு வெறுங்கையாலும் பல்லாலும் போராடி அத்தனை பேரும் செத்தார்கள் என்கிறார் பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். (ஸ்பார்ட்டாவின் அடிமைகளான ஹெலட்டுகளின் பிணங்களும் அங்கே கிடந்ததை அவரே சொல்கிறார். நிற்கிறாயா போகிறாயா என்று அவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.)

இதில் இன்னொன்று, பாரசீகப் படை ஸ்பார்ட்டாவை எட்டவே இல்லை. தெஸ்பியாவைக் கொளுத்திவிட்டார்கள். அப்படியும் அடுத்த வருடம் பாரசீகர்களை எதிர்த்து நடந்த பிளாட்டியா போருக்கு அந்த ஊரில் மிஞ்சியவர்கள் 1,800 பேர், கனத்த கவசம்கூட இல்லாமல், வந்து நின்றார்கள். லியோனிடாஸுக்கு 1955இல் தெர்மோபிலேயில் சிலை வைத்தாயிற்று, இவர்களுக்கு நினைவுச்சின்னம் வர 1997 ஆனது.

அடுத்த இதழில் சலாமிஸ் கடற்போர் என்று போட்டிருக்கிறீர்கள். அப்படியானால் ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்ளிஸின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அடிமை சிக்கினஸ், செர்க்சஸை ஏமாற்றத் தூது போன கதை கட்டாயம் வரும். பிற்பாடு அவர் எந்த ஊர்க் குடிமகன் ஆனார் என்பதையும் கட்டுரையாளரை எழுதச் சொல்லுங்கள். தெஸ்பியாவில்தான், 700 பேரைப் பறிகொடுத்த அந்த ஊர் வெளியாட்களைக் குடிமக்களாகச் சேர்த்துக்கொண்டிருந்தபோது, தெமிஸ்டோக்ளிஸ் அவரைச் சேர்த்துவிட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி