விவசாய வருமானத்துக்கு உள்ள வரிவிலக்கைத் தொடரவும், அதன் பேரில் நடக்கும் பொய்க்கணக்கைத் தடுக்கவும் கோரும் மனு

அனுப்புநர்:
தென்னை, நெல் விவசாயி,
பேராவூரணி வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
வருவாய்த் துறைச் செயலாளர் அவர்கள்,
நிதி அமைச்சகம், இந்திய அரசு, புது தில்லி.

பொருள்: விவசாய வருமான வரிவிலக்கு தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

எங்கள் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. அதோடு ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து நெல் போடுகிறோம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் தோப்பில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. மறுபடி வைத்த நெட்டைக் கன்று காய்ப்புக்கு வர ஆறேழு வருடம் ஆகும். அதுவரை தண்ணீர், எரு, களையெடுப்பு எல்லாம் செலவுதான், வரவு கிடையாது. வருமான வரியோ ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிற ஒரு வருடத்தை மட்டும் பார்க்கிறது. காய்ப்பில்லாத அந்த வருடங்களை நாங்கள் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். விலக்கு போனாலும் என் போன்றவர்களுக்கு வரி வராது. புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரியில்லை என்கிறார்கள், நாங்கள் அதன் பக்கத்தில்கூட இல்லை. எங்களுக்குப் பயமெல்லாம் கணக்கை நினைத்துத்தான். நடவுக்கு வந்த பெண்களுக்கும் காய் பறித்தவருக்கும் கையில் கொடுத்த கூலிக்கு எங்கே ரசீது? குத்தகையாக அளந்த நெல்லுக்கு யார் பில் போடுவார்கள்? ஒரு நோட்டீஸ் வந்தால் போதும், ஒரு பறிப்பின் காசு ஆடிட்டருக்கே போய்விடும். விவசாயி வரியே கட்டுவதில்லை என்று பேசுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பூச்சிமருந்துக்கு நாங்கள் 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டுகிறோம். கடைக்காரர் போல அதைத் திரும்பக் கழித்துக்கொள்ள எங்களுக்கு வழியில்லை.

ஆனால் வேறு தொழிலில் வந்த பணத்தை விவசாய வருமானம் என்று எழுதிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களால்தான் விவசாயத்துக்கும் வரி போடு என்ற பேச்சு திரும்பத் திரும்ப எழுகிறது, அடி விழுவதென்னவோ எங்கள் மேல். 2017 ஏப்ரலில், மத்திய அரசுக்கு ஆலோசனை சொல்லும் நிதி ஆயோக் அமைப்பின் உறுப்பினராக இருந்த விவேக் தேவ்ராய் இந்தப் பேச்சை எடுத்தபோது, அன்றைய நிதி அமைச்சர் அருண் ஜெட்லி அப்படி ஒரு திட்டமே இல்லை, அரசியல் சாசனப்படி மத்திய அரசுக்கு அந்த அதிகாரமும் இல்லை என்று தெளிவாகச் சொன்னார். சரி, வரி போடுவது மாநிலத்தின் அதிகாரம். பொய்க்கணக்கைப் பிடிப்பது உங்கள் துறையின் வேலைதானே ஐயா.

அதற்குப் புதிதாகச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. விவசாய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் நிலம் எந்த மாவட்டம், எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்று வருமான வரிப் படிவத்திலேயே கேட்கிறீர்கள். அந்தப் பதிலை, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதி வைக்கும் கிராம அடங்கல் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்திலும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலும் விற்றதற்குப் பதிவு இருக்கிறது. கருவேலம் மண்டிக் கிடக்கிற நிலத்தில் பல லட்சம் விளைந்ததாக ஒருவர் எழுதினால் அடங்கலே காட்டிக்கொடுத்துவிடும். 5 லட்சத்துக்குக் கீழே இருப்பவர்களை இதில் இழுக்க வேண்டாம். குத்தகைதாரரிடம் பட்டா கேட்காமல், கிராம நிர்வாக அலுவலர் தரும் சாகுபடிச் சான்றை ஏற்க வேண்டுகிறேன். எங்களில் பலருக்கு எழுத்தில் ஒப்பந்தமே கிடையாது.

அப்புறம் இன்னொரு கோரிக்கை. மாதச் சம்பளத்துக்கு வரி கட்டும் ஒருவர் அப்பா விட்டுப்போன ஒரு ஏக்கரைத் தரிசாகப் போடாமல் பயிர் வைக்கிறார். அதில் வருடத்துக்கு 5,000 ரூபாய்க்கு மேல் வந்தாலே, அந்தப் பணத்துக்கு வரி இல்லை என்றாலும், சம்பளத்தோடு கூட்டி வரி விகிதம் பார்க்கிறீர்கள், அதனால் சம்பளத்துக்கான வரி கூடிவிடுகிறது. இன்றைய விலைவாசியில் 5,000 என்பது ஒரு வரம்பே இல்லை. அதை உயர்த்தினால் நிலத்தை விற்றுவிடாமல் வைத்திருக்க அவர்களுக்கும் மனம் வரும்.

ஆகவே விவசாய வருமானத்துக்கான விலக்கை இப்படியே தொடரவும், பெரிய தொகை காட்டுபவர்களின் நிலத்தையும் பயிரையும் சரிபார்க்கவும், 5,000 ரூபாய் வரம்பை உயர்த்தவும் ஆவன செய்யுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தென்னை, நெல் விவசாயி,
பேராவூரணி வட்டம்.